ப்ராக்ல ரெண்டு நாள் போதுமா?

கேள்வி: ஆபீஸ் வேலையா வியன்னா வந்திருக்கேன், நடுவுல ரெண்டு நாள் லீவு கிடைக்குது, பக்கத்துல செக் நாட்டு தலைநகர் ப்ராக் போய்ட்டு வரலாம்னு ஆசை. ரெண்டு நாள்ல என்னத்த பாக்க முடியும்?

பதில்: தாராளமா போங்க, ட்ரெயின்ல நாலு மணி நேரம்தான். சார்லஸ் பாலத்துக்கு மட்டும் விடியக்காலைலயே போய்டுங்க, வெயில் ஏறிட்டா கால் வைக்க இடம் இருக்காது. 1357ல நாலாம் சார்லஸ் ராஜா கட்ட ஆரம்பிச்ச கல்பாலம், ரெண்டு பக்கமும் சேத்து 30 சிலை, கீழ வல்டாவா ஆறு, பனிமூட்டம் விலக விலக மேல கோட்டை தெரியும் பாருங்க, நான் அப்படியே நின்னுட்டேன். கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் விட்டஸ் தேவாலயம் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிஞ்சுது! பழைய டவுன் சதுக்கத்துல 1410ல செஞ்ச வானியல் கடிகாரம், மணிக்கொரு தடவை பொம்மைங்க வரும், பாத்துட்டு நகந்துடலாம்.

ஆனா பிங்காஸ் யூத ஆலயத்த விட்டுடாதீங்க. நாஜிங்க கொன்ன பொஹீமியா, மொராவியா (இப்போ செக் நாட்டுல இருக்கிற பகுதிங்க) யூதருங்க கிட்டத்தட்ட 80,000 பேரோட பேர சுவர் முழுக்க கையால எழுதி வச்சிருக்காங்க, குடும்பம் குடும்பமா, ஊர் ஊரா, படிக்கப் படிக்க எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்க, சனிக்கிழமை லீவு.

அப்புறம், அங்க யூரோ இல்ல, கொருனா. டிராம்ல பேப்பர் டிக்கெட்னா ஏறினதும் மெஷின்ல முத்திரை குத்திக்கணும், மறந்தா அபராதம்.