2048-ல் அண்டார்டிகா ஏலத்துக்கு வருகிறதா?

கேள்வி: 2048-ல் அண்டார்டிகா ஒப்பந்தம் காலாவதியாகிறது, அதன்பிறகு யார் வேண்டுமானாலும் சுரங்கம் தோண்டலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. வீடியோக்காரர் இரண்டு ஆவணங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். 1959 டிசம்பரில் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா ஒப்பந்தத்துக்குக் காலக்கெடுவே கிடையாது. அவர் மனதில் இருப்பது 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி, 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை. அதன் 7-ஆம் பிரிவு ஒரே வரிதான்: அறிவியல் ஆய்வு தவிர, கனிம வளம் சார்ந்த எந்தச் செயலுக்கும் தடை. சர்வதேசச் சட்டத்தையே பாடமாக எடுத்துக் காலம் தள்ளியவன் நான். 'எனினும்', 'இதற்கு உட்பட்டு' எதுவும் ஒட்டிக்கொள்ளாத இப்படி ஒரு வரி கண்ணில் படுவது அபூர்வம்.

அந்த 'எனினும்' எல்லாம் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறைக்கு வந்து 50 ஆண்டு ஆனதும், அதாவது 2048-லிருந்து, வாக்குரிமை உள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கூட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். திருத்தம் நிறைவேற, உறுப்பு நாடுகளில் பெரும்பான்மை வேண்டும். அதோடு 1991-ல் வாக்குரிமை பெற்றிருந்த 26 நாடுகளில் முக்கால்வாசியும் ஆதரிக்க வேண்டும். அமலுக்கு வரவோ அந்த 26-ம் ஒன்று விடாமல் அங்கீகரித்தாக வேண்டும். இந்தியாவும் அந்த 26-ல் ஒன்று. சரி, இத்தனையும் நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுரங்க வேலையை முறைப்படுத்த வேறொரு சட்டம் அமலில் இருந்தால்தான் தடையை நீக்க முடியும்.

அப்படி ஒரு சட்டத்தை 1988-ல் வெலிங்டனில் எழுதிக்கூட முடித்துவிட்டார்கள். 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் பாஹியா பராய்சோ கப்பல் அண்டார்டிகா தீபகற்பத்தை ஒட்டித் தரைதட்டி எரிபொருளைக் கடலில் கொட்டியது. மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பலும் அதையே செய்தது. அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவும் பிரான்சும் கையெழுத்திட மறுத்தன. சட்டம் பிறக்காமலே போயிற்று.

ஓட்டையே இல்லையா என்றால், ஒன்று உண்டு. மாநாடு ஏற்ற திருத்தம் 3 ஆண்டுக்குள் அமலுக்கு வராவிட்டால், எந்த நாடும் விலகுவதாக அறிவிக்கலாம். அடுத்த 2 ஆண்டில் அது செல்லுபடியாகும். கவலைப்பட்டே தீரவேண்டும் என்றால், இதற்காகப் படுங்கள்.

கேள்வி: வட துருவத்துக்கும் இப்படி ஒரு தடை போட்டுவிட்டால் என்ன? அங்கே ரஷ்யா கொடியே நட்டுவிட்டதே?

பதில்: தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். வடக்கே இருப்பது நாடுகள் சூழ்ந்த கடல். எனவே அங்கே பேசுவது 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் கரையோர நாட்டுக்கு. அதற்கு அப்பாலும் கடலடித் தரை தன் நிலத்தின் நீட்சிதான் என்று காட்ட முடிந்தால், தரைக்கடியில் உள்ள வளமும் அதற்கே.

2007 ஆகஸ்டில் 4,261 மீட்டர் ஆழத்தில் ரஷ்யா நட்ட டைட்டானியக் கொடிக்குச் சட்டத்தில் மதிப்பு பூஜ்யம். தகராறு நடப்பது லொமொனோசொவ் என்ற கடலடி மலைத்தொடர் மீது. அது யார் நிலத்தின் தொடர்ச்சி என்று டென்மார்க் 2014-லும், ரஷ்யா 2015-லும், கனடா 2019-லும் ஐ.நா. ஆணையத்திடம் கட்டுக்கட்டாக அளவீடுகளைக் கொடுத்திருக்கின்றன. ஆணையம் அறிவியலை மட்டும் பார்த்துப் பரிந்துரை சொல்லும். ஒரே இடத்தை மூன்று பேர் கேட்டால், கோடு போடுவதை அவர்களே பேசித்தான் முடித்துக்கொள்ள வேண்டும்.

மீன் விஷயத்தில் மட்டும் வடக்கு முந்திக்கொண்டது. நடு ஆர்க்டிக் கடலில் சுமார் 28 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் வணிக மீன்பிடியை 16 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க 2018-ல் கையெழுத்தானது. அங்கே இன்னும் யாரும் வலை வீசத் தொடங்கவில்லை. திருட்டுப் போகும் முன்பே பூட்டு வாங்கியவர்களை இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: அப்படியானால் அண்டார்டிகாவிலிருந்து யாரும் எதையும் எடுப்பதில்லை, அப்படித்தானே?

பதில்: எடுக்கிறார்கள், கப்பல் கப்பலாக. கிரில் என்று ஒரு உயிரி. பார்க்க இறால் மாதிரி இருக்கும், நீளம் அதிகம் போனால் 6 செ.மீ. திமிங்கிலம், பெங்குவின், சீல் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. செத்த சிறிது நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும் என்பதால் கப்பலிலேயே அரைத்துப் பொடியாக்குகிறார்கள். அது மீன் பண்ணைத் தீவனமாகவும் எண்ணெய் மாத்திரையாகவும் சந்தைக்கு வருகிறது.

இதைக் கவனிப்பது, அண்டார்டிகாவின் கடல்வாழ் உயிர்களைக் காக்க 1982-லிருந்து அமலில் உள்ள இன்னொரு உடன்படிக்கை. அதன் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறது. தீபகற்பம் அடங்கிய கடல் பகுதியில் பருவத்துக்கு 6,20,000 டன் பிடிக்கலாம். மொத்த இருப்போடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். ஆனால் எல்லாக் கப்பலும் ஒரே இடத்தில், பெங்குவின் இரை தேடும் அதே இடத்தில் நின்றால்? அதற்காகத்தான் அந்த அளவைத் துணைப் பகுதிகளுக்குப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். 2024 கூட்டத்தில் அந்தப் பங்கீட்டை நீட்டிக்க முடியவில்லை. ஆணையத்தில் எதுவும் ஒருமனதாகத்தான் முடிவாக வேண்டும். ஒரே நாடு தலையாட்ட மறுத்தாலும் போச்சு. அடுத்த பருவத்தில், 2025 ஆகஸ்டிலேயே மொத்த அளவும் தீர்ந்து மீன்பிடியை மூட வேண்டியதாயிற்று. அப்படி மூடியது அதுவே முதல் தடவை.

என்னைக் கேட்டால், 2048 பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது இந்தப் பங்கீட்டுக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: சுற்றுலாவாக அண்டார்டிகா போனால், ஞாபகத்துக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. பார்வையாளர் விதிகளில் கல், மண், எலும்பு, இறகு, முட்டை, விண்கல் என்று பட்டியலே போட்டுத் தடுத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.