சைக்கிள் ஹப் பால்ரஸுக்கு எந்த கிரீஸ் போடலாம்?

வீட்டிலேயே சைக்கிள் சக்கரத்தை ஓவராயில் பண்ண, அதாவது நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி, உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகளைச் சுத்தம் செய்து புது கிரீஸ் போடப் போகிறீர்கள். பைக் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் கிரீஸ் போதுமா, சைக்கிளுக்கென்றே டியூபில் வரும் விலை கூடிய கிரீஸ்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைக் கடை கிரீஸே தாராளமாகப் போதும். 'எம்.பி. 3' அல்லது 'ஏ.பி. 3' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் லித்தியம் சோப்பில் செய்த பொது உபயோக கிரீஸ். அந்த 3 என்பது கிரீஸுக்கான என்.எல்.ஜி.ஐ. அளவுகோலில் கெட்டித்தன்மையின் எண். பேரிங்குக்கு உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 2 தான். கட்டி வெண்ணெய் பதத்தில் இருக்கும். 2 கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். 3 போட்டால் கையில் சுற்றும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், ஓட்டும்போது தெரியாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சைக்கிள் ஹப்புக்கு வேகமும் கிடையாது, சூடும் கிடையாது. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நிமிடத்துக்கு 200 சுற்றுதான். லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்டவே 180 டிகிரி செல்சியஸ் பக்கம் ஆக வேண்டும். நம் ஹப்பில் இருப்பது வெயில் சூடு மட்டும். அதனால் 'ஹை டெம்பரேச்சர்' என்று எழுதியதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸும் இங்கே தேவையில்லை. நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் பெரும்பாலும் சாயம்தான், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹப்பைக் கொல்வது தண்ணீரும் மண்ணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைத் தெருவில் ஓரடிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் நின்றால் ஆக்சில் மூழ்கிவிடும். சாதாரண சைக்கிள் ஹப்பில் தண்ணீரைத் தடுக்க ஒரு மெல்லிய தகர மூடிதான் இருக்கிறது. அப்படி ஓட்டிய சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கிரீஸ் பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். தண்ணீரும் கிரீஸும் ஒன்றாகக் குழைந்த நிலை அது. அதைத் துடைத்துவிட்டு, ஆக்சிலில் திருகியிருக்கும் கூம்பு வடிவ கோனை வெளிச்சத்தில் திருப்பினால், குண்டு ஓடும் தடத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு பள்ளங்கள் தெரியலாம். தெரிந்தால் எந்த கிரீஸாலும் பயனில்லை, கோனை மாற்றுங்கள். விலை குறைவுதான். விட்டுவைத்தால் ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பும் போய், கடைசியில் ஹப்பையே மாற்ற வேண்டிவரும்.

கடற்கரைப் பக்கம் இருந்தாலோ, மழையிலும் தினமும் ஓட்டினாலோ, கால்சியம் சல்ஃபோனேட் வகை மெரைன் கிரீஸ் கிடைத்தால் போடுங்கள். தண்ணீரையும் துருவையும் தாங்குவதில் லித்தியத்தைவிட அது ஒரு படி மேல். சைக்கிளுக்கென்றே வரும் ஷிமானோ, பார்க் டூல் பிராண்டு டியூபுகளும் அருமையான சரக்குதான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சக்கரத்துக்குச் சில கிராம்தான் செலவாகும். கால் கிலோ எம்.பி. 3 டப்பா வீட்டில் இருக்கும் எல்லா சைக்கிளுக்கும் வருஷக்கணக்கில் வரும்.

வாஸலைன் வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் இளகிவிடும். டபிள்யூ.டி.-40ஐ ஹப்புக்குள் அடிப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அது இருக்கிற கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பவும் கூடாது. லித்தியமும் பாலியூரியாவும் போல ஒன்றோடொன்று சேராத வகைகள் உண்டு. கலந்தால் நீர்த்துப்போய் வழியும். பார்க் டூலின் பாலிலூப் கிரீஸ் பாலியூரியா வகை என்பதால், அது இருந்த ஹப்பில் எம்.பி. 3 போடுவதற்கு முன் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். எப்படியும் பழைய கிரீஸில் மண் இருக்கும். கப், கோன், குண்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

என்னைக் கேட்டால் பிராண்டைவிட அளவும் கோன் செட்டிங்கும்தான் முக்கியம். கப் நிறைய கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். முன் ஹப்பில் பொதுவாக 3/16 அங்குலக் குண்டு, பின்னால் 1/4 அங்குலம். கழற்றும்போதே ஒரு பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஹப்புக்கு ஹப் மாறும். புதுக் குண்டு போடுவதானால் மொத்தமாக மாற்றுங்கள், பழையதோடு கலக்காதீர்கள். கோனை முடுக்கும்போது ஓரம் வழியாகக் கொஞ்சம் கிரீஸ் பிதுங்கி வந்தால் சரியான அளவு. அதைத் துடைத்துவிடுங்கள், ரிம்மிலோ டிஸ்க்கிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. ஆக்சிலை விரலால் சுற்றினால் கரகரப்பும் இருக்கக் கூடாது, ஆட்டமும் இருக்கக் கூடாது. ஸ்பேனர் இல்லாமல் லீவரால் கழற்றும் குவிக் ரிலீஸ் சக்கரமானால் மட்டும் துளி ஆட்டம் விட்டு லாக் நட்டை முடுக்குங்கள், லீவரை மடக்கும்போது ஆக்சில் அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும்.

ஒன்றே ஒன்று, பின் சக்கர ஃப்ரீவீலுக்குள் இந்த கிரீஸைத் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு பிடிக்காமல் போனால் பெடல் வெறுமனே சுற்றும். அதற்குச் சில சொட்டு எண்ணெய் போதும்.