கார்ட் யார் கையில்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் 23 வயது மகள் தீபாவளிக்கு வந்திருக்கிறாள். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைக்கிறாள். ஆளைக் கண்டால் பேச்சைக் கட் பண்ணுகிறாள். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் மகன், 'அக்கா ஃபர்டிவ்வா இருக்கா' என்கிறான். அப்படியென்றால் என்ன, எங்கிருந்து வந்த சொல்? காதலோ என்று பயமாக இருக்கிறது. காசுக் கஷ்டம் அவளுக்கு இல்லை. பேங்க் கார்ட் அப்பாவிடம்தான் இருக்கிறது, கைச்செலவுக்கு நாங்கள் அனுப்புகிறோம். தம்பியின் டியூஷனும் அவள் சம்பளத்தில்தான்."

தங்கச்சி, சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். லத்தீனில் 'ஃபூர்' என்றால் திருடன். அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் 'ஃபர்டிவ்'. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று திருட்டுத்தனமாகச் செய்வது. கள்ளப் பார்வை என்கிறோமே, அதேதான். ஊரறியாத காதலைத் தொல்காப்பியமும் 'களவு' என்றுதான் சொல்கிறது. அதைச் சொல்லும் களவியலுக்கு அடுத்தே, கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் கற்பியலை வைத்திருக்கிறது. காதலாக இருந்தால் பேசி முடிக்கலாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் படுவது அந்தக் கார்ட். 23 வயதுப் பிள்ளையின் கார்ட் அப்பாவிடம் எதற்கு? நாள் முழுக்க நின்று உழைப்பவள் ஒரு செருப்பு வாங்க உங்களிடம் கேட்டு நிற்க வேண்டுமா? நம் தோட்டங்களில் பெண்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுக்க, சம்பளத்தை வீட்டு ஆண்கள் போய் வாங்கிய காலம் உங்களுக்குத் தெரியாததா? அதையே மகளுக்கும் செய்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம்கூட அவள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியிடம் 12 சதவீதமும் வாங்கி அவள் பேரில் போடச் சொல்கிறது. பெற்றவர்கள் நீங்கள் ஒரு சதத்தையாவது அவள் கையில் விட்டீர்களா? அவளுக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஃபோன்தான். லயத்துக் காம்பராவில் அதை வைக்கத் தலையணையை விட்டால் வேறு இடம் ஏது?

வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி படிப்புக்கு அக்கா கொடுக்கத்தான் வேண்டும், அது கடமை. ஆனால் எவ்வளவு என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அவளே எண்ணிக் கொடுக்கட்டும். அவள் கொழும்பு பஸ் ஏறுமுன் கார்ட் அவள் கைக்குப் போக வேண்டும், பின் நம்பரையும் அவளே மாற்றிக்கொள்ளட்டும். அப்பா மறுத்தால் நீங்கள்தான் பேச வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபோனைப் பற்றி இப்போது ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். அப்புறம், மகனைக் கூப்பிட்டு, அக்காவை வேவு பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, அவள் காசு கட்டும் டியூஷனை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.