கோணிப்போன ட்ரம் ஷெல்லை வட்டமாக்க முடியுமா?

கேள்வி: எங்கள் கோயில் பாடகர் குழுவின் பழைய ட்ரம் செட்டில் 16 அங்குல புளோர் டாம் (கால்களில் தரையில் நிற்கும் ட்ரம்) ஒன்று, மேலும் கீழும் மாட்டும் தோல்களான ஹெட் இரண்டும் கழற்றின நிலையில் சாமான் அறையில் வருடக்கணக்காகக் கிடந்தது. புது ஹெட் வாங்கி மாட்டப் பார்த்தால் ஒரு பக்கம் இறுகிக்கொண்டு நிற்கிறது, மற்றப் பக்கம் இடைவெளி விழுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஓடாவி ஒருவர் புடைத்த இடத்தைச் சீவிவிட்டால் சரி என்கிறார். சீவலாமா, இல்லை ஷெல்லை, அதாவது ட்ரம்மின் மர உடலை, எறிய வேண்டியதுதானா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து சீவ விடாதீர்கள். எறிவதைப் பற்றியும் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். ட்ரம் ஷெல் மெல்லிய மரத் தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி பசை பூசி, வளைத்து ஒட்டிச் செய்தது. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான். சீவினால் வெளித்தகடு போய்விடும், அந்த இடம் பலவீனப்படும், ஆனால் நீள்வட்டம் நீள்வட்டமாகவே இருக்கும்.

முதலில் கோணியது ஷெல்தானா என்று பாருங்கள், ஏனென்றால் பல தடவை குற்றவாளி வேறாக இருக்கும். ஹெட்டை அமுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையமான ஹூப்பை மட்டமான கிரனைட் பலகையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுதான் வளைந்திருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் உறை ஒட்டிய ஷெல் என்றால் உறையின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மூட்டு தடித்து ஹெட்டைத் தடுக்கலாம். அப்படியென்றால் மட்டும், விளிம்புக்குக் கிட்ட அந்தச் சிறு இடத்தைத் தேய்த்துக் குறைக்கலாம்.

அப்புறம் அளவு. எதிரெதிர் லக்குகளுக்கு (நட்டு இறங்குவதற்காக ஷெல்லில் பூட்டியிருக்கும் உலோகத் துண்டுகள்) நேராக, மையத்தின் வழியே, வெளி விட்டத்தை நாலு திசையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், மேலும் கீழும் தனித்தனியாக. 16 அங்குல ஷெல்லின் உண்மையான வெளி விட்டம் பொதுவாக 403 மில்லிமீற்றர் அளவில் வரும், ஹெட் சிக்காமல் இறங்குவதற்காகவே 3 மில்லிமீற்றர் போலக் குறைத்துச் செய்கிறார்கள். கூடின அளவுக்கும் குறைந்த அளவுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீற்றருக்குள் என்றால் பெரிய வேலை எதுவும் வேண்டாம். இரண்டு ஹெட்டையும் மாட்டி, எதிரெதிர் நட்டுகளைச் சோடி சோடியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஹூப்பே ஷெல்லைத் தன் வட்டத்துக்கு இழுத்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது அதைவிடக் கூட.

ஏன் இப்படி ஆனது? ஷெல்லை வட்டமாக வைத்திருப்பதில் பெரும் பங்கு ஹெட்டுக்கும் ஹூப்புக்கும்தான். அவை இல்லாவிட்டால் மேலே ஒரு பெட்டியை வைத்தாலே போதும், அது மெதுவாக அமுங்கத் தொடங்கும். அதோடு கொழும்புக் காற்று. ஷெல்லின் வெளிப்பக்கம் உறையோ வார்னிஷோ இருக்கும், உள்பக்கம் பல ட்ரம்களில் வெறும் மரம். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் ஈரம் முழுக்க உள்பக்கத்தால்தான் ஏறுகிறது, அந்தப் பக்கம் மட்டும் ஊதுகிறது, தகடுகள் ஒன்றை ஒன்று இழுக்கின்றன.

சரி, திருத்துவது எப்படி? லக், கால் பிடி எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். விரல் முட்டியால் சுற்றிவரத் தட்டுங்கள், வெற்றுச் சத்தம் வருகிற இடங்களில் தகடு விட்டிருக்கிறது, பென்சிலால் குறியுங்கள், ஆனால் இப்போது ஒட்ட வேண்டாம். கோணலாக இருக்கும்போது ஒட்டினால் அந்தக் கோணல்தான் நிலைக்கும்.

இனி உள்ளே வைக்க 18 மில்லிமீற்றர் ப்ளைவுட்டில் இரண்டு வட்டத் தட்டுகள் வெட்டவேண்டும். விட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தையல்காரரின் அளவு நாடாவால் ஷெல்லின் உட்சுற்றளவை அளந்து 3.1416 ஆல் வகுத்துவிடுங்கள். ஷெல் எவ்வளவு நசிந்தாலும் சுற்றளவு அநேகமாக மாறாது, ஆகவே வருவது ஷெல்லின் பழைய விட்டம். இதற்கு உங்கள் ஓடாவியே போதும், வடிவாக வெட்டித் தருவார்.

லொறியில் சாமான் கட்டுகிற ரட்செட் பட்டி ஒன்றும் வேண்டும், பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஷெல்லைச் சுற்றிப் பட்டியைப் போட்டு, நீண்ட விட்டத்தின் இரு முனையிலும் மட்டும் பட்டிக்கு அடியில் ஒவ்வொரு மரக்கட்டை செருகுங்கள், இறுக்கும்போது அமுக்கம் அங்கேதான் விழும். ஒரே நாளில் முழுக்க இறுக்காமல் நாளுக்குக் கொஞ்சமாக இறுக்கி, வட்டம் கிட்ட வந்ததும் ஷெல்லின் மேலும் கீழும் தட்டுகளை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே இறக்குங்கள். குறித்து வைத்த இடங்களுக்கு இப்போதுதான் பசை: ஊசிக் குழாயால் வெள்ளை மரப்பசையைச் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

ஆவி பிடிப்பது, ஹீட் கன் காட்டுவது, வெயிலில் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். மரப்பசை சூட்டில் இளகும், நல்லாயிருந்த தகடுகளும் விட்டுவிடும். காற்றோட்டமான அறையில், சுவரில் முட்டாமல், ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். தட்டுகளை எடுத்த அடுத்த நாள் திரும்ப அளங்கள். கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும், அது வழமை, இன்னொரு மாதம் வையுங்கள். அதற்குப் பிறகும் 3 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால், வளையக்கூடிய மெல்லிய ப்ளைவுட்டை ஒரு அங்குல அகலத்தில் வெட்டி, இரண்டு மூன்று அடுக்காக விளிம்பின் உள்பக்கம் வளையமாக ஒட்டவேண்டும், தட்டு உள்ளே இருக்கும்போதே. சத்தம் கொஞ்சம் மாறும், ஆனால் கோணல் ஷெல்லில் ஹெட் ஒருநாளும் சுருதிக்கு வராது என்பதால் நான் வளையத்தைத்தான் சொல்வேன்.

வட்டம் வந்த பிறகு விளிம்பு. ஷெல்லைக் கிரனைட்டில் கவிழ்த்து, உள்ளே ஒரு சின்ன லைட்டை வைத்து அறையை இருட்டாக்குங்கள், வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். 120 நம்பர் சாண்ட் பேப்பரைக் கிரனைட்டில் ஒட்டி, ஷெல்லை அமுக்காமல் சுற்றிச் சுற்றித் தேய்த்து, பிறகு 220. ஹெட் உட்காருகிற 45 பாகை விளிம்பைத் திரும்ப வெட்டவேண்டி வந்தால் ரவுட்டர் மேசை உள்ள மொரட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் கேளுங்கள். கடைசியாக உள்பக்கம் சாண்டிங் சீலர் ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் உடனே இரண்டு ஹெட்டையும் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் படிக்கும் மிருதங்கத்தின் கட்டையிலும் இப்படி வட்டம் மாறுமா? தொப்பிப் பக்கம் (இடது கைப் பக்கம்) நூல் போல ஒரு வெடிப்பு.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மிருதங்கக் கட்டை பலா மரத்தை ஒரே துண்டாகக் குடைந்தது, தடிப்பும் கூட, ஆகவே நசிந்து கோணுவது அரிது. வெடிப்புத்தான் அதன் நோய், மரம் ஒரு பக்கம் வேகமாகக் காய்ந்தால் வரும். ஏசிக் காற்று நேரே படுகிற இடம், பூட்டின கார் இரண்டையும் தவிருங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டாவிட்டால் அடுத்த முறை மூட்டு (தோல் மூடி) மாற்றும்போது பலா மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள், தாண்டினால் காத்திராமல் உடனே வார் (மூட்டுகளை இழுத்துக் கட்டும் தோல் பட்டி) பிடிக்கிறவரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக வாரைத் தளர்த்த வேண்டாம்.