பக்கெட்டுக்கு ஈர பனியன் போடுங்க

கேள்வி (பானஸ்வாடி வாசகர்): சார், மூணாவது மாடில குடியிருக்கேன். வீட்லயே 20 லிட்டர் பீர் போட்டேன், ஏல் ஈஸ்ட்தான் (மிதமான சூட்டுல வேலை செய்யற பீர் ஈஸ்ட்), பாக்கெட்ல 18லேந்து 22 டிகிரின்னு போட்டிருந்தது. ரூம்ல 25 காட்டுச்சு, மூணு டிகிரிதானேன்னு விட்டுட்டேன். இப்ப வாய்கிட்ட கொண்டு போனாலே நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. பக்கெட்டை சரியா கழுவலையா, இல்ல ஈஸ்ட் மட்டமா?

பதில்: ரெண்டையும் திட்டாதீங்க பாவம். நீங்க பாத்தது ரூம் சூடு, ஈஸ்ட் குடியிருக்கறது பக்கெட்டுக்குள்ள. அது சர்க்கரையை தின்னும்போது தானா சூட்டை கிளப்பும், முதல் ரெண்டு மூணு நாள் நுரை கட்டி, உள்ள இருக்கற கேஸை மட்டும் வெளிய விடற ஏர்லாக் டொப் டொப்னு அடிக்குதே, அந்த நேரத்துல உள்ள ரூமைவிட 3லேந்து 5 டிகிரி கூட இருக்கும், அப்ப உங்க 25 உள்ள 28, 30 வரைக்கும் போயிருக்கும். அந்த சூட்டுல ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். வாழைப்பழ வாசனை வந்தா ஐசோஅமைல் அசிடேட், அதைக்கூட குடிச்சுடலாம், சில கோதுமை பீர்ல அது வேணும்னே வர வைக்கறது. நெயில் பாலிஷ் வாசனை எத்தில் அசிடேட், கூடவே ஃப்யூசல்ங்கற கனமான ஆல்கஹாலும் சேர்ந்தா தொண்டையில எரியும். அதை எத்தனை மாசம் பாட்டில்ல வெச்சாலும் பெருசா போகாது, மனசை கல்லாக்கிக்கிட்டு கொட்டிடுங்க.

நானும் கொட்டினவன்தான். ஏப்ரல் மாசம், மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்குது. என் மச்சான் மட்டும் மரியாதைக்கு ரெண்டு கிளாஸ் அடிச்சுட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் தலையை புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, இன்னிக்கும் எங்க வீட்டுக்கு வந்தா மோர்தான் கேக்கறாரு.

அடுத்த தடவை வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருக்கற மால்ட் சாறை, 18க்கு இறக்கிட்டு அப்புறமா ஈஸ்டை போடுங்க. 28ல போட்டுட்டு விடியறதுக்குள்ள ஆறிடும்னு நம்பாதீங்க, கெடறது எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் மூணு நாள்லதான். துணி ஊற வைக்கற பெரிய டப்ல பக்கெட்டை இறக்கி பாதி உயரத்துக்கு தண்ணி ஊத்துங்க. ஒரு பழைய காட்டன் பனியனை பக்கெட்டுக்கு மாட்டி விட்டு அடி விளிம்பு தண்ணில முங்கற மாதிரி விடுங்க, துணியே தண்ணியை மேல இழுத்துக்கும், பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன். மண்பானை தண்ணி ஜில்லுனு ஆகற அதே கணக்குதான். பெங்களூர்ல மார்ச் ஏப்ரல்ல காத்து காய்ஞ்சு கிடக்கறதால இது நல்லா வேலை செய்யும், மும்பை ஈரத்துல இவ்ளோ இறங்காது. அதுவும் பத்தலைன்னா ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி ரொப்பி ஃப்ரீசர்ல வெச்சு காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு டப்ல மாத்தி போடுங்க. மீன் தொட்டி கடைல ஒட்டற தெர்மாமீட்டர் பட்டை கிடைக்கும், அதை பக்கெட் மேலயே ஒட்டிடுங்க, சுவத்துல மாட்டினதை மறந்துடுங்க. நாலஞ்சு நாள் கழிச்சு ஐஸ் பாட்டிலை நிறுத்திட்டு 21, 22க்கு தானா ஏற விட்டா வெண்ணெய் வாசனை கொடுக்கற டையசிட்டைலை ஈஸ்டே தின்னு துடைச்சுடும்.

ஒண்ணு சொல்லிடறேன், கர்நாடகால 1965 கலால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கக்கூடாது, விக்கறதைப் பத்தி பேச்சே எடுக்காதீங்க.

கேள்வி (அல்சூர் வாசகர்): எதுக்கு சார் இந்த கஷ்டம்னு பழைய ஃபிரிட்ஜ்லயே வெச்சுட்டேன். ரெண்டாவது நாளே ஏர்லாக் நின்னுடுச்சு. முடிஞ்சுதுன்னு பாட்டில் பண்ணிடலாமா?

பதில்: ஐயோ, வேணாம். ஃபிரிட்ஜுக்குள்ள 4 டிகிரி, ஏல் ஈஸ்ட் போத்திக்கிட்டு தூங்குது. சர்க்கரை அப்படியே கிடக்கும், பாட்டில்ல அடைச்சு வெளில வெச்சா முழிச்சுக்கும், பாட்டில் வெடிக்கும், கண்ணாடி எங்க வேணா தெறிக்கும். வெளில எடுத்து மெதுவா 19க்கு வர விடுங்க, பக்கெட்டை லேசா ஒரு சுத்து ஆட்டி விடுங்க. சர்க்கரை எவ்ளோ மிச்சம்னு காட்டற ஹைட்ரோமீட்டர் மூணு நாள் ஒரே நம்பர் காட்டினா, அதுவும் எதிர்பார்த்த நம்பர்கிட்ட வந்திருந்தாத்தான் பாட்டில்.

ஃபிரிட்ஜை தூக்கி போட்டுடாதீங்க, அது பொக்கிஷம். எஸ்பி ரோட்டுல சூட்டைப் பாத்து ஃபிரிட்ஜை தானா ஆன் ஆஃப் பண்ற எஸ்டிசி 1000 கன்ட்ரோலர் கேளுங்க, ஒயரிங்கை எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க. சூட்டை அளக்கற அதோட ப்ரோப்பை சும்மா காத்துல தொங்க விட்டா கதவை திறக்கறப்பல்லாம் கம்ப்ரசர் ஓடும், பக்கெட் பக்கவாட்டுல டேப் போட்டு ஒட்டி மேல ஒரு துண்டு தெர்மாகோல் வெச்சு மூடுங்க. 18 செட் பண்ணி ஒரு டிகிரி இடைவெளி, கம்ப்ரசருக்கு மூணு நிமிஷம் டிலே. அப்புறம் 10, 12 டிகிரி கேக்கற லாகர் வகை பீர்கூட போடலாம். 1870கள்ல கார்ல் வான் லிண்டே தன்னோட கூலிங் மெஷினை ஓட்டி பாத்ததே மியூனிக்ல ஷ்பாட்டன் பீர் கம்பெனிலதான், அதனால ஃபிரிட்ஜுக்கு பீர் ஒண்ணும் புதுசில்ல.

கேள்வி (வைட்ஃபீல்ட் வாசகர்): டப்பு ஃபேனு எதுக்கும் இடமில்ல. சூட்டுலயே வேலை செய்யற ஈஸ்ட் இருக்கா?

பதில்: இருக்கு, குவைக். நார்வே கிராமத்து வீடுகள்ல தலைமுறை தலைமுறையா காய வெச்சு பத்திரப்படுத்தின ஈஸ்ட். அதுல வாஸ்ங்கற வகை 35, 40 டிகிரிலயும் நெயில் பாலிஷ் வாசனை இல்லாம ஆரஞ்சு வாசனையோட நாலஞ்சு நாள்ல முடிச்சுடும். ஆனா டிசம்பர் குளிர்ல சுணங்கும், அப்ப பனியனை கழட்டிட்டு கம்பளி போத்துங்க.