பழைய விண்டோஸில் புதிய பிரவுசர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று எடுப்பதற்கும் தேர்வு விண்ணப்பம் போடுவதற்கும் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. ரேம் 4 ஜிபி. இப்போது பல தளங்கள் பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்லி நின்றுவிடுகின்றன. புதிய குரோமை நிறுவவும் முடியவில்லை. விண்டோஸை மாற்றினால் பழைய பிரிண்டர் ஓடாது என்று சர்வீஸ் செய்பவர் சொல்கிறார். மாற்றாமலே புதிய பிரவுசர் போட வழி உண்டா, ஐயா?

பதில்: ஒரு வழி உண்டு. ஆனால் அது குரோம் அல்ல, ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் என்ற நீண்ட ஆதரவுப் பதிப்பு.

விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம் 109-ஆவது பதிப்பு. 2023 பிப்ரவரியில் வெளியான 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயமாகிவிட்டது. நினைவகத்தை ஒதுக்கவும் திரையில் எழுத்தைக் காட்டவும் பிரவுசர் விண்டோஸுக்குள் இருக்கும் செயற்கூறுகளைத்தான் அழைக்கிறது; புதிய குரோம் அழைக்கும் சில செயற்கூறுகள் விண்டோஸ் 7 வந்த பிறகு எழுதப்பட்டவை. வேறொரு கணினியிலிருந்து குரோம் கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டுவந்து திறந்தாலும், இன்ன செயற்கூறு கெர்னல்32 என்ற விண்டோஸ் கோப்பில் இல்லை என்று ஒரு சிறு பெட்டி தோன்றி, அத்துடன் நின்றுவிடும். 'விண்டோஸ் 7-க்கான புதிய குரோம்' என்று விளம்பரம் செய்யும் தளங்களை, ஆகவே, தயவுசெய்து நம்பாதீர்கள். தனி ஆர்வலர்கள், குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூல மென்பொருளைத் திருத்திப் பழைய விண்டோஸுக்கு ஏற்றபடி வெளியிடுவதும் உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன் என்றாலும், ஊராரின் ஆதார் எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் கடந்துபோகும் கடைக் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபயர்பாக்ஸை நிறுவுமுன், கம்ப்யூட்டர் சின்னத்தின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதும், சர்வீஸ் பேக் 1 என்ற விண்டோஸ் 7-இன் திருத்தத் தொகுப்பு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். சர்வீஸ் பேக் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். அதன்பின் மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட கேபி4474419 என்ற திருத்தத்தைப் போடுங்கள். இக்கால மென்பொருள்கள், தயாரித்தவர் இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் எஸ்ஹெச்ஏ-2 என்ற முறையில் இடப்பட்டு வருகின்றன. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க விண்டோஸ் 7-க்கு இத்திருத்தம் வேண்டும். பிறகு ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும், உங்கள் பிட்டுக்குரிய முழு நிறுவல் கோப்பை இறக்குங்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பகுதியில் மொசில்லா கார்ப்பரேஷன் என்ற பெயர் இருந்தால் நிறுவலாம். யாரோ பென்டிரைவில் தந்த பழைய 115 போதாது. ஃபயர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் (கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் அடிப்படைச் சான்று) 2025 மார்ச் 14-ஆம் தேதி காலாவதியானது, 115.13-க்கு முந்தைய இஎஸ்ஆரில் அதன் விளைவாக ஆட்-ஆன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள், செயலிழந்துவிடும்.

நிறுவிய பிறகும் எல்லாத் தளங்களிலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், பிரவுசரைக் குறை சொல்வதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோன கணினியில், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதியை வைத்துப் பார்க்கும் பிரவுசர், தளத்தின் சான்றிதழ் இன்னும் நடப்புக்கே வரவில்லை என்று முடிவுசெய்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் கடைகளில் பலர் வீணாக விண்டோஸையே மறுபடி போடுவது இதனால்தான். சில ரூபாய்ப் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

இவ்வளவும் செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் அவகாசம் மட்டுமே என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. 2023 ஜூலையில் வந்த ஃபயர்பாக்ஸ் 115-இன் காலத்தைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், ஆனாலும் அது என்றைக்கும் நீடிக்காது. மேலும், பிரவுசரில் ஓட்டை அடைபட்டாலும் அதற்கு அடியில் உள்ள விண்டோஸின் ஓட்டை அப்படியே இருக்கிறது. உங்கள் சொந்தக் கணினியாக இருந்தால் நட்டம் உங்களோடு போகும். கடையில் அது வயலை அடமானம் வைத்துப் பயிர்க்கடன் வாங்கிய ஒருவரின் வங்கிக் கணக்காக இருக்கலாம். அதனால் பணம் கட்டும் வேலை எதையும் அந்தக் கணினியில் செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

நிலையான வழி, 64 பிட் பிராசஸராக இருந்தால், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பை நிறுவிக்கொள்வதுதான். குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும் அதற்கு உங்கள் 4 ஜிபி தாராளம். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று சோதியுங்கள். அச்சாகவில்லையென்றால் அச்சிடுவதற்கு மட்டும் விண்டோஸ் 7, இணையத்துக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய மனுக்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் நகலெடுத்து வையுங்கள்; எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கோப்புகளுக்குக் கணினிக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டதால், இப்போது அதற்குப் பணம் செலவழிப்பதில் பயனில்லை.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று நன்றாக ஓடுகிறது. அதற்கும் ஏதாவது பிரவுசர் உண்டா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: இல்லை, அம்மா. எக்ஸ்பியில் ஓடிய கடைசி ஃபயர்பாக்ஸ் 52 இஎஸ்ஆருக்கு 2018-லேயே ஆதரவு முடிந்தது. குரோம் 49-உடன் 2016-லேயே விலகிக்கொண்டது. கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சு செய்யவும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையக் கேபிளை மட்டும் கழற்றிவிடுங்கள். அதிலிருந்து பென்டிரைவில் எடுக்கும் கோப்புகளை வேறு கணினியில் திறக்குமுன் வைரஸ் சோதனை செய்வது அவசியம்.