மழை சராசரி, வரத்து பாதி: மானி பழுதா?

மூன்று ஆண்டு வறட்சிக்குப் பின் சராசரி மழை பெய்தும் அணைக்குப் பாதி வரத்துதான், வரத்தை அளக்கும் அளவுமானி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். மானியைச் சரிபாருங்கள், ஆனால் சந்தேகப்பட வேண்டியது மண்ணை. காய்ந்த மண் முதல் மழைகளைக் குடித்துவிடும்; நிலத்தடி நீர்மட்டம் ஆற்றின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓடுகிற நீரும் உள்ளே போகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1997–2009 வறட்சி முடிந்து பல ஆண்டுகளாகியும் பல வடிநிலங்களில் (ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வரும் பரப்புகளில்) பழைய நீரோட்டம் திரும்பவில்லை.

வரத்தைத் தனியாகக் கணக்கிட்டு மானியோடு ஒப்பிடுங்கள்: அணையின் இருப்பு மாற்றம் + திறந்துவிட்ட நீர் + ஆவியாதல் + கசிவு, அதில் நீர்ப்பரப்பில் நேரே விழுந்த மழையைக் கழிக்கவும். பலர் ஆவியாதலை விட்டுவிடுகிறார்கள். 10 சதுர கி.மீ. பரப்பில் நாளுக்கு 5 மி.மீ. என்றாலே 50,000 கன மீட்டர்! நீர்மட்டத்தை வைத்து இருப்பைச் சொல்லும் கொள்ளளவு அட்டவணை வண்டல் படிவதற்கு முந்தையது என்றால் இருப்புக் கணக்கே தப்பு. வறட்சிக்கு முந்தைய மழை–வரத்து விகிதத்தை நம்பித் திறப்பு அட்டவணை போடாதீர்கள்.